முப்பத்தெட்டாம் உருப்படி

சடையாண்டி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியிருந்தது இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய். அதில் ஒரு ரூபாயைக்கூட அவர் கைநீட்டி வாங்கினதில்லை. கல்யாணத்துக்கு வாங்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு வாங்கவில்லை, சீட்டாடித் தோற்கவுமில்லை. அவ்வளவும் அவருடைய மாடுகள் வைத்த கடன். தின்ற கடன்கூட இல்லை, மென்ற கடன்.

ஆனைக்கரட்டு மலையில் முன்னெல்லாம் தலைக்கு இத்தனை என்று வருசத்துக்கு ஒரு தடவை பணம் கட்டி பாஸ் வாங்கினால் போதும். பிறகு மேய்ச்சல் ஆணையம் என்று ஒன்று வந்தது. மலையில் முளைக்கிற புல் பொதுச்சொத்து, பொதுச்சொத்தை யார் எடுத்தாலும் அளந்துதான் எடுக்க வேண்டும் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கரண்டுக்கு மீட்டர் இருக்கிறது, தண்ணீருக்கு மீட்டர் இருக்கிறது, புல்லுக்கு மட்டும் என்ன. மாட்டுக்கு மாடு கழுத்தில் ஒரு பட்டை. பட்டையில் தாடைக்கு நேர் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. மாடு ஒரு வாய் புல்லைக் கடித்து இழுத்தால் பெட்டிக்குத் தெரிந்துவிடும். ஆயிரம் வாய்க்கு இருபது காசு. ஒரு மாடு ஒரு நாளைக்கு முப்பதாயிரம் வாய் மேயும். ஆக, மாட்டுக்கு ஆறு ரூபாய்.

வேலியும் அந்தப் பெட்டிதான். மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்த வாரம் இந்தக் கட்டம், அடுத்த வாரம் அந்தக் கட்டம் என்று எங்கேயோ இருக்கிற மிஷின் முடிவு செய்யும். கம்பி கிடையாது, முள் கிடையாது. கோட்டைத் தாண்டினால் பெட்டி முதலில் கத்தும், அப்புறம் கழுத்தில் சுருக்கென்று கரண்டு வைக்கும்.

பெட்டியைச் செய்தவர்கள் மாட்டோடு இருந்து பழகியவர்கள் இல்லை போல. தின்ற புல்லை மாடு மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. மத்தியானம் ஓடைக்கரை மருதமரத்து நிழலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு மாடு அசைபோட்டது. பெட்டி அதையும் ஒரு வாய், ஒரு வாய் என்று எண்ணிக்கொண்டே இருந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் தப்பு தெரிந்து, மாடு படுத்திருக்கும்போது எண்ணாதபடி சரிசெய்தார்கள். சரிசெய்தது அன்றைக்குப் பிறகு ஏறுவதற்குத்தான். அதுவரைக்கும் அசைபோட்ட வகையில் சடையாண்டி பேரில் ஐம்பத்து மூவாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய் ஏறியிருந்தது.

"ஒரே புல்லுக்கு ரெண்டு தடவை காசா?" என்று கேட்டதற்கு, மிஷினில் ஏறினதை இறக்க வழியில்லை என்று பதில் வந்தது. பத்து வருசத்துக்கு மேல் வட்டி, வட்டிக்கு வட்டி. அன்றாடம் மேய்கிற புல்லுக்கு அவர் எருவை விற்று, கன்றை விற்று மாதம் தவறாமல் கட்டிவந்தார். பழைய பாக்கி மட்டும் தொழுவில் கட்டின கிழட்டு எருமை மாதிரி படுத்தே கிடந்தது. எழுப்ப முடியவில்லை.

இது ஒரு கதை. இன்னொன்று, முப்பத்தெட்டின் கதை.

பட்டை கட்டுகிறதுக்கு முன்னால் பதிவு எடுக்க ஓர் ஆபீசர் வந்தார். மலையடிவாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, வரிசையில் வந்த மாட்டுக்காரர்களைக் கேட்டார்.

"எத்தனை உருப்படி?"

"முப்பத்தெட்டு" என்றார் சடையாண்டி.

மாடு முப்பத்தேழுதான். ஆனால் அவர்கள் ஆட்கள் மந்தையின் சரியான எண்ணிக்கையை வாயால் சொல்வதில்லை. சாயங்காலம் மாடு தொழுவுக்குள் நுழையும்போது படலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் ஒவ்வொன்றாக எண்ணுவார். எல்லாம் நுழைந்த பிறகு தன்னையும் ஓர் உருப்படியாகச் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் படலைச் சாத்துவார். சரியான கணக்கு காற்றோடு போனால் கோமாரியோ சிறுத்தையோ காதில் வாங்கிக்கொண்டு வந்துவிடும். ஒன்றைக் கூட்டிச் சொன்னால் வந்தது கணக்கு உதைத்து ஏமாந்து திரும்பும். அப்பன் காலத்திலிருந்து வந்த பழக்கம், யோசித்துச் சொல்கிறதில்லை. மற்ற மாட்டுக்காரர்கள் மேசையைக் கண்டதும் உஷாராகிச் சரியான கணக்கைச் சொல்லிவிட்டு, பின்னால் திரும்பி மண்ணில் துப்பிவிட்டு வந்தார்கள். சடையாண்டிக்கு மட்டும் வாய் முந்திக்கொண்டது.

முப்பத்தெட்டுப் பட்டை வந்தது. கழுத்து முப்பத்தேழுதான் இருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் பொய்க் கணக்குச் சொன்னதாக இருபத்தைந்தாயிரம் அபராதம், பாஸும் போய்விடும் என்று காகிதத்தில் போட்டிருந்தது.

பக்கத்துக் கட்டத்தில் மேய்க்கிற மொக்கராசு, சடையாண்டி பெண்டாட்டி சீனியம்மாவுக்கு அண்ணன். அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எண்ணுனது உன்னயத்தான மாப்ள. நீயே கட்டிக்க."

வேறு வழியில்லை, கட்டிக்கொண்டார். பெட்டிக்கு உடம்புச் சூடு வேண்டும். ஒரு நாள் முழுக்கச் சூடில்லாமல் கிடந்தால் மாடு செத்ததாக எழுதிக்கொள்ளும், பிணத்தைக் காட்டச் சொல்லும். முதல் மாதம் பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு திரிந்தார். மாதம் முடிந்ததும் போனில் செய்தி வந்தது: உருப்படி 38 தீனி எடுக்கவில்லை, மருத்துவர் பார்வையிடுவார். பயந்துபோய்ப் பட்டையைச் சுருக்கிக் கழுத்தில் இறுக்கி, பெட்டியைத் தாடைக்குக் கீழே கொண்டுவந்து, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டார். நாள் முழுக்க வெற்றிலை மென்றார். நானூறு வாய் ஏறியது. மருத்துவர் வரவில்லை.

அன்றிலிருந்து அதே பாடு. பொழுது விடிந்தால் மாட்டோடு மாடாகப் பட்டையைக் கட்டுவார். பொழுது சாய்ந்தால் கழற்றி, மயிலைப் பசுவின் கழுத்தில் தளர்த்தி மாட்டுவார். மயிலைதான் மந்தைக்கு முன்னத்தி மாடு. அது எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம்தான் மற்றது திரும்பும். தளர்வாக மாட்டினால் பெட்டி நெஞ்சில் தொங்கும். சூடு மட்டும் கிடைக்கும், வாய் ஏறாது. கோட்டைத் தாண்டின மாட்டை மடக்க ஓடினால் அவருக்கும் சுருக்கென்று விழும். மாடு நின்ற இடத்தில் அவரும் நிற்பார்.

இன்னொன்றும் நடந்தது. பெட்டி வெற்றிலையை மட்டும் எண்ணவில்லை, பேச்சையும் எண்ணியது. தாடை அசைந்தால் ஒரு வாய். மாதம் முடிந்து பில் வரும்போது உருப்படி 38 என்று போட்டு எதிரே வாய்க்கணக்கு இருக்கும். பில்லுக்காகவே நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகினவர் அவர். நாளைக்கு எட்டுக் காசு, அது பெரிய பணமில்லை. ஆனாலும் தான் பேசினதெல்லாம் எங்கேயோ எழுதப்பட்டு, அச்சாகித் திரும்பி வருகிறதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வாய் திறக்கவே கூசியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். பட்டையைக் கழற்றின பிறகும் பேச்சு திரும்பி வரவில்லை. எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்.

"பதினோரு வருசமா செவுத்தோட குடும்பம் நடத்துறேன்" என்பாள் சீனியம்மா. அதற்கும் தலையாட்டுவார்.

அந்த வருசம் பங்குனியில் மலை கருகிப்போயிருந்தது. முக்கால் மலையை மாடு வாய் வைக்காத உண்ணிச்செடி மூடிவிட்டது, மிச்சத்தில் புல் இல்லை. ஒரு நாள் மாட்டுக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் ஒரே செய்தி: தகுதி அளவு திருத்தப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு இரண்டாயிரம் வாய்க்கு மேல் உண்ணும் உருப்படிகள் மலையிலிருந்து இறக்கப்படும். பாக்கி உள்ளவர்களின் உருப்படிகள் விற்கப்பட்டு ஈடுகட்டப்படும்.

"சைபரு ஒண்ணு விட்டுப் போச்சு" என்றார் மொக்கராசு. "இருபதாயிரம்னு போட வந்திருப்பாய்ங்க. போய்ச் சொன்னாச் சரிபண்ணிருவாய்ங்க."

சடையாண்டி பட்டையை மயிலையிடம் விட்டுவிட்டு, சீனியம்மாவைக் கூட்டிக்கொண்டு சரக ஆபீசுக்குப் போனார். எல்லாம் போனாலும் மயிலையும் ஒரு காளையும் மிஞ்சினால் போதும், நாலு வருசத்தில் மந்தையைத் திருப்பிவிடலாம் என்று வழியெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.

சரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது யாழினி என்ற பெண். முப்பது வயசு இருக்கும். வந்தவர்களை நிற்க வைத்துப் பேசுகிற ஆளில்லை, நாற்காலி காட்டுவாள். சடையாண்டி சீனியம்மாவைப் பார்க்க, அவளே ஆரம்பித்தாள்.

"ரெண்டாயிரம் வாயில எந்த மாடு தாயி உசுரோட இருக்கும்? கன்னுக்குட்டிக்கே காணாதே. எழுதுனவுக ஒரு சைபரு விட்டுட்டாக போல, பாத்துச் சேத்துரு."

"எழுத்துப் பிழை இல்லம்மா."

"பெறகு?"

"மிஷின் என்ன செய்யுதுன்னா, மலைமலையா பாத்து, கொறைய தின்னு நல்லா நடந்து நோய் நொடி இல்லாம இருக்குற மாடு எதுன்னு தேடுது. அந்த மாட்ட மாதிரியா வச்சுக்கிட்டு மத்த மாட்டையெல்லாம் அளக்குது. வகுப்புல முதல் மார்க் வாங்குற பிள்ளைய வச்சுக் கேள்வித்தாள் போடுற மாதிரின்னு வச்சுக்கங்களேன். அந்த மாடு ஒரு நாளைக்கு நானூறு வாய்தான் திங்குது. பதினாலு கிலோமீட்டர் நடக்குது. பதினோரு வருசத்துல ஒரு நாள்கூட மருத்துவர் பாக்கல. மத்த மாடுகளுக்கு அஞ்சு மடங்கு தாராளமா விட்டுத்தான் ரெண்டாயிரம்னு வச்சிருக்காங்க."

"நானூறு வாய் திங்குற மாடா? எந்தூரு மாடு தாயி அது?"

யாழினி திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். "உங்க மாடுதாம்மா. முப்பத்தெட்டாம் உருப்படி. தலைமை ஆபீஸ்ல எல்லாம் இதப் பத்தித்தான் பேச்சு. நானும் நேர்ல பாக்கணும்னு இருக்கேன். காளையா, பசுவா?"

சீனியம்மா புருசனை ஒரு பார்வை பார்த்தாள்.

"காளைதான்" என்றாள்.

"கன்னு ஏதும் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு. திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போயிருச்சு. தீவாளிக்குத் தீவாளி வரும்."

யாழினிக்கு விளங்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். சடையாண்டி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மொக்கராசுக்கு ஐம்பத்திரண்டு மாடு. மலையில் இன்னும் அறுபது மந்தை. அவ்வளவுக்கும் தன் வெற்றிலையைத்தான் படியாக வைத்து அளந்திருக்கிறது என்று விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கினதும் துண்டை அவிழ்த்தார்.

தாடைக்குக் கீழே கழுத்தைச் சுற்றித் தோல் கறுத்துக் காய்ப்பு ஏறியிருந்தது. வண்டிமாட்டுக்குப் பிடரியில் இருக்குமே, அந்த மாதிரி.

"அது மாடு இல்ல தாயி" என்றார். "நாந்தான்."

பிறகு பதினோரு வருசமாகப் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார். படலைச் சாத்துகிற கணக்கு, மேசை போட்ட ஆபீசர், மிஞ்சின பட்டை, வெற்றிலை, ஒன்று விடவில்லை. "எம்மேல கேசு போட்டுக்க. உள்ள போட்டாலும் சரி. அந்த முப்பத்தெட்டக் கணக்குலருந்து எடுத்துட்டு மத்த மாட்ட விட்டுரச் சொல்லு."

யாழினி எழுந்து கதவைச் சாத்தினாள். போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். சுவரில் பல்லி ஒன்று பூச்சியைப் பிடிக்கப் பார்த்து, விட்டு, மறுபடி பார்த்துக்கொண்டிருந்தது. அரைமணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தவள் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அளவு மூணு வருசத்துக்கு ஒரு தடவைதான் மாறுமாம்யா. அதுவுமில்லாம, இந்த அளவு நம்ம மலைக்கு மட்டும் இல்ல. எட்டு மலைக்குப் போயிருச்சு. மத்த மலைகள்ல நேத்தே இறக்க ஆரம்பிச்சுட்டாங்க. முப்பத்தெட்டு தப்புன்னு எழுதுனா எட்டு மலையும் தப்புன்னு ஆகும். அத எழுத அங்க யாருக்கும் கை வராது."

"அப்ப நான் இப்பச் சொன்னது?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. மறுபடி சொன்னீங்கன்னா உங்க மேல கேஸ் மட்டும்தான் மிஞ்சும். மாடு மிஞ்சாது."

"மயிலைய மட்டுமாவது…"

அவள் தலையை அசைத்தாள். பேச்சில்லாமல் பதில் சொல்கிற ஆள் இன்னொருத்தரைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

மலையில் சேதி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. இறக்குகிற ஆட்கள் வரும்வரை மாட்டுக்காரர்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூடிக் கூடி நின்றார்கள். சடையாண்டி மாட்டைத் தண்ணீருக்கு விட்டுக்கொண்டு வந்தபோது ஒருத்தன் வழிவிட்டு ஒதுங்கிக் கும்பிட்டான். "வாங்க மாதிரி மாடு. எட்டு மலைய ஒத்தை ஆளாத் தின்னு தீத்துட்டீங்களேண்ணே. அதுவும் வெத்தலையா."

நாலைந்து பேர் சிரித்தார்கள். மொக்கராசு சிரிக்கவில்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, தன் மாடு குடித்து முடிக்கிறவரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான கட்டிக்கன்னு சொன்னேன்" என்றார் கடைசியில். "சிரிப்புக்குச் சொன்னேன் மாப்ள. அத நீ கட்டிருவன்னு கண்டனா."

சடையாண்டி பேச வாயெடுத்தார். கை தானாகப் போய்த் தாடைக்குக் கீழே பெட்டியைத் தடவியது. வாயை மூடிக்கொண்டார்.

லாரிகள் வெள்ளிக்கிழமை காலையில் வந்தன. பலகையைச் சாய்த்துப் போட்டார்கள். மலைமாடு லாரி ஏறிப் பழகினதில்லை. மயிலை பலகை பக்கம் வந்து முகர்ந்துவிட்டு நின்றுகொண்டது. அது நின்றதும் முப்பத்தாறும் நின்றன. ஆட்கள் வாலை முறுக்கினார்கள், கம்பெடுத்தார்கள். நகரவில்லை.

"நீங்கதான்யா ஏத்தி விடணும்" என்றாள் யாழினி, மெதுவாக.

சடையாண்டி பலகையில் கால் வைத்து மேலே ஏறினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் பலகை அதிர்ந்தது. மயிலை அவர் முதுகை முகர்ந்துகொண்டே ஏறி வந்தது. அதன் பின்னால் செவலை, காரி, சினைபிடித்திருந்த கிடேரி, ஒவ்வொன்றாக வந்தன. லாரியின் உள்மூலை வரைக்கும் போய், மாடு சுற்றி நிறைந்ததும் பக்கக் கம்பிக்கு ஊடே உடம்பை நுழைத்துக் கீழே குதித்தார். மயிலை கழுத்தைத் திருப்பி அவர் நின்ற இடத்தைத் தேடியது.

லாரி ஆள் விரல் விட்டு எண்ணினான். "முப்பத்தேழு. கரெக்டா இருக்கு" என்று சத்தமாகச் சொன்னான்.

அந்த மந்தையின் சரியான கணக்கை ஒருத்தர் வாயால் சொல்லிச் சடையாண்டி கேட்டது அதுதான் முதல் தடவை. அனிச்சையாகத் திரும்பி மண்ணில் துப்பினார்.

ஒரே வாரத்தில் எட்டு மலை மாடும் கீழே இறங்கியதால் விலை கிடுகிடுவென்று விழுந்துவிட்டது. லாரி வாடகையும் கொட்டகைச் செலவும் போக முப்பத்தேழு உருப்படிக்கும் கிடைத்தது இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூறு. அதைப் பாக்கியில் கழித்தார்கள். மீதி நாலாயிரத்து நூற்று எழுபது ரூபாய் நின்றது. யாழினியே வீடு தேடி வந்து கணக்கைச் சொன்னாள்.

"முப்பத்தெட்டு தகுதியுள்ள உருப்படி. அதனால உங்க பாஸ் உயிரோடதான் இருக்கு. மலை முழுக்க இப்ப அது ஒண்ணுதான்" என்றாள். குரலைத் தாழ்த்தி, "சிறுத்தை தூக்குன மாட்டுக்குப் பொணம் காட்டச் சொல்லி நான் கேக்கமாட்டேன்யா. பெட்டி ஒரு நாள் குளுந்து கெடந்தாப் போதும், செத்ததா எழுதிக்கிடும். உருப்படி இல்லாத பாஸுக்கு மிச்சத்தத் தள்ளுபடி பண்ணிருவாங்க. ஆனா அப்புறம் மலைக்குள்ள கால் வைக்க முடியாது. மாடில்லாத ஆளுக்கு மலையில அனுமதி இல்ல" என்றாள்.

சடையாண்டி தலையாட்டினார். சரி என்றா, வேண்டாம் என்றா, அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பட்டையைக் கட்டிக்கொண்டு, கம்பை எடுத்துக்கொண்டு மலையேறினார். அதற்கு மறுநாளும் ஏறினார். முன்னால் மாடு போகாத பாதையில், மாடு போகிற வேகத்திலேயே நடந்தார். உப்புப் பாறைக்குப் போய், மயிலை நக்கி நக்கி வழவழப்பாக்கியிருந்த இடத்தில் கை வைத்துவிட்டு வந்தார். மத்தியானம் மருதமரத்தடியில் படுத்து வெற்றிலை மென்றார். வாரம் மாறினதும் மிஷின் கட்டத்தை மாற்றியது. பழைய கட்டத்தில் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்ததால் பெட்டி கத்தியது, பிறகு சுருக்கென்று வைத்தது. புதுக் கட்டத்துக்கு நடந்தார். அத்தனை பெரிய மலையில் அந்த மிஷின் ராப்பகலாக உட்கார்ந்து மேய்த்தது அவர் ஒருத்தரைத்தான்.

மொக்கராசு அடிவாரத்துச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனார். மற்றவர்களும் திசைக்கொருத்தராகப் போய்விட்டார்கள். போகிறபோதும் வருகிறபோதும் மலையில் துண்டு தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்து, பார்த்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவர் இறங்கி வந்தபோது சீனியம்மா தொழுவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பட்டையைக் கழற்றி எதில் மாட்டுவது என்று தெரியாமல், மயிலை போனதிலிருந்து அவர் அதோடுதான் படுத்து எழுந்துகொண்டிருந்தார்.

"அண்ணன் சூளையில ஆள் கேக்குறாகளாம். ரெண்டு பேரையும் வரச் சொல்லுச்சு" என்றாள்.

அவர் கம்பைப் படலோரம் சாய்த்து வைத்தார்.

"நாலாயிரத்துச் சொச்சம். சூளையில ரெண்டு வாரம் மண்ணு சொமந்தா அடைச்சுறலாம். கடனுக்காக நீ ஏறல, எனக்குத் தெரியும்."

அவர் தொழுவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏய்யா, எங்கப்பன் ஒரு ஆம்பளைக்கு முன்னாலதான் என்னைக் கழுத்த நீட்டச் சொன்னாரு. நீட்டுனேன். மாட்டுக்கு நீட்டல." அவள் குரல் உயரவில்லை, விறகு விலை சொல்கிற மாதிரிதான் சொன்னாள். "மாடு போயிருச்சு. அது மென்னதுக்கு நீ அழுதாச்சு. இன்னும் எதுக்கு அந்தப் பெட்டிக்கு வெத்தல போட்டுக்கிட்டுத் திரியிற. கழட்டு."

சடையாண்டி துண்டை எடுத்தார். பட்டையைத் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றினார். சாணி காய்ந்து கிடந்த வெறுந்தொழுவுக்குள் போய், தண்ணீர்க் கல்தொட்டியின் அடியில், வெயிலே படாத குளிர்ந்த இடத்தில் அதை வைத்தார். வெளியே வந்து படலைப் பிடித்தார். வழக்கப்படி வாய் தானாக எண்ணியது. உள்ளே ஒன்று. தன்னையும் சேர்த்தால் இரண்டு. இரண்டும் ஒரே ஆள்தானே, அப்புறம் எப்படி எண்ணுவது என்று தெரியாமல், எண்ணாமலே படலைச் சாத்தினார்.

மறுநாள் அவர் மலையேறவில்லை. சாகக் கிடக்கிற மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தொழுவோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பெட்டி காலையில் ஒரு தடவை கத்தியது. மத்தியானம் ஒரு தடவை கத்தியது. ஒவ்வொரு தடவையும் எழுந்து போகிற மாதிரி கால் அசைந்தது, போகவில்லை. சீனியம்மா கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். குடிக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் இன்னொரு தடவை, பிள்ளை முனகுகிற மாதிரி மெல்லக் கத்திவிட்டு நின்றது. பெட்டியிலிருந்த பச்சை விளக்குப் பொட்டு அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் மணியடித்தது. சடையாண்டி எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். உருப்படி 38 இறந்தது. உருப்படிகள் இல்லாததால் மேய்ச்சல் பாஸ் முடிவுக்கு வந்தது. மீதித் தொகை ரூபாய் 4,170 தள்ளுபடி செய்யப்பட்டது.

"என்னவாம்?" என்று கேட்டாள் சீனியம்மா.

அவர் வாயைத் திறந்தார். கை தாடைக்குக் கீழே போனது. அங்கே காய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை. எண்ணுகிறதுக்கு ஆளில்லை என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"பாக்கி ஒண்ணுமில்லையாம்" என்றார்.